கடன் வாங்கிக் கழித்தல்

குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராகச் சேர்ந்தபோது வந்த பழக்கம். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்ததால் விட்டுப்போன படிப்பை மாலை நேரத்தில் பிடிக்க வந்த திட்டம் அது. இப்போது என்னிடம் வருவது ஐந்தாறு பிள்ளைகள்தான்.

முதல் வருடம் நான் செய்தது தப்பு. பிள்ளை தடுமாறினால் உடனே பென்சிலை வாங்கிப் போட்டுக் காட்டிவிடுவேன். நோட்டு நிறைய சரி சரி என்று குறி விழும். கொழுந்து எடை போட்டுவிட்டு வரும் அம்மாக்கள் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். மறுநாள் அதே கணக்கைக் கொடுத்தால் பிள்ளைக்கு ஒன்றும் வராது. போட்டதெல்லாம் நான்தானே.

நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் 52-இல் 38 போக 26 என்று எழுதியிருந்தான். "இது எப்படி வந்துச்சு தம்பி?" என்றேன். பதில் சொல்லாமல் ரப்பரை எடுத்தான். எப்படி என்று கேட்டாலே தப்பு என்றுதான் பிள்ளைகளுக்கு அர்த்தம். அன்றிலிருந்து சரியான விடைக்கும் அதே கேள்வியைக் கேட்கிறேன். கேட்டுவிட்டு மனதுக்குள் இருபது வரை எண்ணுவேன். பெரும்பாலும் பதினைந்துக்குள் பேச்சு வந்துவிடும்.

"ரெண்டுல எட்டு போகாதுக்கா. அதனால எட்டுல ரெண்டு போச்சு, ஆறு. அஞ்சுல மூணு போனா ரெண்டு."

இது கவனக்குறைவு இல்லை. பெரியதிலிருந்து சின்னதைக் கழி என்று அவன் கையில் ஒரு விதி இருக்கிறது. அதுவரை போட்ட கணக்கிலெல்லாம் அந்த விதி பொய்த்ததே இல்லை. அதை அடித்துத் திருத்தினால் என் விதியை மனப்பாடம் செய்வான், அவ்வளவுதான்.

"பக்கத்து இலக்கத்துல கடன் வாங்கணும்னு மிஸ் சொல்லலையா?" என்றேன்.

"சொன்னாங்க. அந்தக் கடனை எப்பக்கா திருப்பிக் குடுக்கணும்?"

எனக்குச் சுருக்கென்றது. தலைமுறையாக வாயில் புழங்கும் சொல். ஒரு நாளும் யோசித்ததில்லை. அங்கே கடனே இல்லையே! அவன் வீட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதும் எனக்குத் தெரியும்.

டப்பாவிலிருந்து பத்து ரூபாய்த் தாள் ஐந்தும் ஒரு ரூபாய்க் காசு இரண்டும் எடுத்துக் கொடுத்தேன். "எனக்கு 38 ரூபா குடு." மூன்று தாளை வைத்தான். காசைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மழை தகரத்தில் விழும் சத்தம் மட்டும். கடைசியில் ஒரு தாளை நீட்டி, "சில்லறை மாத்திக் குடுங்கக்கா" என்றான். பத்துக் காசை எண்ணி வாங்கி, இருந்த இரண்டோடு சேர்த்து, எட்டை எனக்குத் தள்ளினான். மிச்சம் ஒரு தாள், நாலு காசு. நோட்டில் இருந்த 26-ஐ அவனே அழித்தான்.

அன்றைய ஒரு மணி நேரத்தில் நடந்தது அந்த ஒரு கணக்குதான். இனி வாய்ப்பாடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது கட்டாயம் வேண்டும். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளை வைத்து ஒன்பதாவதில் நின்றால் இன்னும் எத்தனை என்று வாய்க்கணக்கும் கேட்பதுண்டு. ஆனால் புரியாத இடம் வந்தால் அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். அவன் அம்மா வந்து, "இன்னைக்கு எத்தனை கணக்கு போட்டான் டீச்சர்?" என்றார். ஒன்று என்றதும் முகம் வாடியது. அவரையும் உட்கார வைத்து, "அம்மாவுக்குப் போட்டுக் காட்டு சாமி" என்றேன். காட்டினான்.

அடுத்த வாரம் 100-இல் 37. எழுதப் போனவன் இரண்டு பூஜ்யத்தைப் பார்த்ததும் நின்றான். டப்பா பக்கம் கை போனது, பாதியில் திரும்பி வந்தது. நான் எண்ணத் தொடங்கினேன். பதினொன்றில் சொன்னான்: "இதை ரெண்டு தடவை மாத்தணும்க்கா."