எலிப்பொறியைப் பார்க்காமல் விட்ட கதை

முதுகலையில் கலை வரலாறு படித்தபோது, முதல் உள்தேர்வில் எனக்கு 20க்கு 8. கிறிஸ்தவ ஓவியங்களில் லில்லி என்றால் தூய்மை, நாய் என்றால் விசுவாசம், மெழுகுவர்த்தி என்றால் கடவுள் என்று வாய்ப்பாடு மாதிரி உருப்போட்டுவிட்டுப் போயிருந்தேன்.

தேர்வில் வந்த படம் மெரோட் பீட ஓவியம், அதாவது பலிபீடத்துக்காக மூன்று பலகைகளில் வரைந்த ஓவியம். ராபர்ட் காம்பினின் பட்டறையில் 1427-32 வாக்கில் வரைந்தது, இப்போது நியூயார்க்கின் க்ளாய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நடுப் பலகையில் இயேசு பிறக்கப்போகிறார் என்ற மங்கள வார்த்தையை மரியாளுக்குச் சொல்ல தேவதூதர் வந்திருக்கிறார். மேசையில் மெழுகுவர்த்தி. 'இறைவனின் ஒளி' என்று எழுதிவிட்டேன். அதுவோ அப்போதுதான் அணைந்து, திரியிலிருந்து புகை கிளம்பிக்கொண்டிருக்கிற மெழுகுவர்த்தி! ஜன்னல் வழியாக ஒளிக்கதிரில் சிலுவையைச் சுமந்தபடி ஒரு குட்டிக் குழந்தை இறங்கி வருவதையும் கவனிக்கவில்லை. தெய்வ ஒளி வந்ததும் வீட்டு விளக்கு மங்கிவிட்டது என்பது மெழுகுவர்த்தி அணைந்ததற்கு ஒரு விளக்கம்.

வலதுபுறப் பலகையை நான் தொடவே இல்லை. அதில் மரியாளின் கணவர் யோசேப்பு தச்சு வேலை செய்கிறார். மேசைமேல் ஒரு எலிப்பொறி, ஜன்னலுக்கு வெளியே விற்பனைக்கு வைத்த மாதிரி இன்னொன்று. தச்சர் பட்டறையில் எலிப்பொறி இருப்பதில் என்ன அதிசயம் என்றுதானே தோன்றும்? சிலுவை சாத்தானுக்கு வைத்த எலிப்பொறி, கிறிஸ்துவின் மரணமே அதில் வைத்த இரை என்று புனித அகுஸ்தீன் சொல்லியிருக்கிறார். அதையும் இந்தப் படத்தையும் சேர்த்துப் பார்த்தவர் கலை வரலாற்றாசிரியர் மேயர் ஷபீரோ, 1945இல்.

அப்புறம் படிக்கும் முறையை மாற்றினேன். குறிப்புகளை மூடிவிட்டு, ஒரு படத்தைக் கால்மணி நேரம் வெறுமனே பார்ப்பேன். எந்தப் பொருள் எங்கே இருக்கிறது, எரிகிறதா அணைந்ததா, யார் பக்கத்தில் என்று பென்சிலில் எழுதிய பிறகுதான் அர்த்தத்துக்குப் போவேன். ஓவியர் வான் ஐக் ஒரு தம்பதியை வரைந்த அர்னோல்ஃபினி ஓவியத்தில் (1434, லண்டன் தேசிய ஓவியக் காட்சியகம்) பட்டப்பகலில் சரவிளக்கில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி எரிகிறது. இங்கே அதே பொருளுக்கு வேறு கதை.

இன்னொன்று, விளக்கம் யாருடையது என்பதையும் எழுதுங்கள். அர்னோல்ஃபினி மெழுகுவர்த்தியை எல்லாவற்றையும் காணும் கிறிஸ்துவாக 1934இல் வாசித்தவர் கலை வரலாற்றாசிரியர் பனோஃப்ஸ்கி. பின்னால் வந்த பலர் அதை ஏற்கவில்லை. அந்தத் தம்பதியின் காலடியில் நிற்கும் நாயை விசுவாசம் என்று எழுதலாம், பணக்கார வீட்டு நாய் என்றும் எழுதலாம். காரணம் சொன்னால் இரண்டுக்குமே மதிப்பெண் விழுந்தது எனக்கு.