அளவு ஜாக்கெட்

திருப்பூரில் துணி வெட்ட அச்சு போடும் பேட்டர்ன் பிரிவில் சேர்ந்து பத்து வருஷம் வரை நான் யாருடைய உடம்பையும் அளந்ததில்லை. வெளிநாட்டு பையர் அனுப்பும் ஸ்பெக் ஷீட்டில் மார்பு, தோள், கை எல்லாம் எண்ணாகவே வந்துவிடும். பேட்டர்ன் போட்டு, தைத்து வந்ததை மேஜையில் விரித்து, டேப் வைத்து, ஒரு சென்டிமீட்டர் முன்னே பின்னே இருந்தால் பாஸ். சட்டையைத்தான் அளப்போம். அதைப் போடப்போகிற ஆளைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

நான் இருந்த கம்பெனி உள்ளூர்க் கடைகளுக்குச் சுடிதார் டாப் போட ஆரம்பித்தது. காட்டன் துணி, நீட்டிப்பே கிடையாது. கையில் இருந்த ஐரோப்பிய சைஸ் சார்ட்டையே எடுத்து, நீளத்தை மட்டும் குறைத்துக்கொண்டோம். முதல் லாட்டில் பெரிய சைஸ்கள் நிறையவே திரும்பி வந்தன. எக்ஸ்எல்லில் மேல்கை பிடிக்கிறது. அதே எக்ஸ்எல்லில் தோள் இறங்கித் தொங்குகிறது. செக்கிங்கில் இருந்த அக்கா ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏனுங் மாஸ்டர், அடுத்தவ அளவு ஜாக்கெட்டக் குடுத்து எனக்குத் தைச்ச மாதிரி இருக்குது.”

சரி, அளந்தே பார்த்துவிடலாம் என்று இறங்கினோம். தையல் லைனில் இருந்த இரண்டு பெண்களுக்குப் பழக்கி, ஒரு திரை கட்டி, அவர்கள் உள்ளே அளந்து கூப்பிடக் கூப்பிட நான் வெளியே எழுதினேன். முதல் நாள் எழுதியதை அப்படியே தூக்கிப் போட வேண்டியிருந்தது. டேப் சுற்றியதும் எல்லோரும் வயிற்றை எக்கிக்கொள்கிறார்கள். ஒரே ஆளைக் காலையிலும் சாயங்காலமும் அளந்தால் இடுப்பில் மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம். தோள் எங்கே முடிகிறது என்பதில் அளக்கும் இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை. கடைசியில் ஸ்டிக்கர் பொட்டுதான் காப்பாற்றியது. கழுத்துக்குப் பின்னால் குனிந்தால் துருத்தும் எலும்பில் ஒன்று, தோள் எலும்பு முடியும் இடத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. முதலில் பொட்டு, அப்புறம்தான் டேப். மூச்சை விடச் சொல்லி, விட்ட பிறகு அளவு. பல உடலளவு சர்வேக்களில் உடம்பில் குறி ஒட்டித்தான் அளக்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நாங்கள் கண்டுபிடித்ததாக நினைத்திருந்தோம்.

இருநூறு பேருக்கு மேல் அளந்து எக்செல்லில் போட்டதும் தப்பு எங்கே என்று பிடிபட்டது. கிரேடிங்கில், அதாவது ஒரு சைஸ் பேட்டர்னிலிருந்து மற்ற சைஸ்களைப் போடும்போது, மார்பு ஏற ஏற தோள், கை நீளம், மேல்கை எல்லாவற்றையும் ஒரே சீராக ஏற்றிக்கொண்டே போவோம். உடம்பு அப்படி வளர்வதில்லை. சதை போட்டால் மார்பும் மேல்கையும் கூடும். தோள் எலும்பு அகலமாகாது, கை நீளாது. மார்பு 96 இருக்கும் இரண்டு பேரில் ஒருவருக்கு மேல்கை 28, இன்னொருவருக்கு 34. சராசரி எடுத்து 31 போட்டால் முதல் ஆளுக்குத் தொளதொள, இரண்டாமவருக்குக் கை ஏறாது.

சராசரி செய்யும் இந்த வேலையை அமெரிக்க விமானப்படையில் கில்பர்ட் டேனியல்ஸ் எப்போதோ காட்டிவிட்டார். 4,063 விமானிகளின் 10 அளவுகளை எடுத்துப் பார்த்ததில், பத்திலும் நடுத்தரமாக இருந்தவர் ஒருவர்கூட இல்லை. 1952இல் வந்த அறிக்கை அது. நம் நாட்டில் நிஃப்ட் என்ற தேசிய ஃபேஷன் கல்வி நிறுவனம் கையில் எடுத்த இந்தியாசைஸ் திட்டம் 15 முதல் 65 வயது வரை 25,000க்கும் மேற்பட்டவர்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளப்பது. எங்கள் இருநூறு அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அதுவும் எல்லோரும் ஒரே மில் கேட்டுக்குள் வருகிறவர்கள்.

ஆனால் டேட்டா எவ்வளவு இருந்தாலும், எத்தனை சைஸ் என்பதை அது சொல்லாது. அதைச் சொன்னவர் முதலாளி: “அஞ்சுக்கு மேல போனா கடைக்காரன் அடுக்க மாட்டான்.” ஒவ்வொரு சைஸுக்கும் தனி பேட்டர்ன், தனி ஸ்டாக்; அவர் கணக்கிலும் தப்பில்லை. ஆக, அஞ்சு கட்டம் போட்டு, யாரைக் கட்டத்துக்கு வெளியே விடுவது என்று உட்கார்ந்து பேசினோம். வெளியே விழுந்த புள்ளிகளில் ஒன்று செக்கிங் அக்காவுடையது. மார்பு மீடியம், மேல்கை எக்ஸ்எல்.

எல்லா சைஸிலும் மேல்கையைச் சற்று ஏற்றினேன், எக்ஸ்எல்லுக்கு மேல் தோளை நிறுத்தினேன். அப்போதும் அக்காவுக்குப் பத்தவில்லை. ஊர் டெய்லர்கள் ஜாக்கெட்டின் பக்கவாட்டில் உள்ளே துணி விட்டு இரண்டு மூன்று தையல் ஓட்டுவார்கள். இறுகினால் ஒன்றைப் பிரித்துக்கொள்ளலாம். நாங்கள் ஓவர்லாக் மெஷினில் ஓரத்தை வெட்டிக்கொண்டே போகிறோம், பிரிக்க ஒன்றும் மிஞ்சாது. கையிலும் பக்கத்திலும் ஒன்றரை சென்டிமீட்டர் கூடுதலாக விடலாம் என்று கேட்டேன். காஸ்டிங்கில் துணிக் கணக்குப் போட்டுப் பார்த்து, பக்கத்துக்கு முடியாது, கைக்கு மட்டும் ஒரு சென்டிமீட்டர் என்றார்கள்.

அடுத்த லாட் வந்ததும் அக்கா ஒரு மீடியம் வாங்கிப் போனார். மறுநாள் அதையே போட்டு வந்தார். சட்டைக் கையின் தையலைப் பிரித்த தடம் அக்குள் பக்கம் வரிசையாக ஊசி ஓட்டைகளாய்த் தெரிந்தது.