மூட்டு ஜவ்வு கிழிந்தால்: ஒரு சிப்பாயின் அனுபவம்

மலையேற்றம் மூச்சைத்தான் வாங்கும். முழங்காலைப் பதம் பார்ப்பது இறக்கம். ரோந்து முடித்து முதுகுப் பாரத்தோடு இறங்கிக்கொண்டிருந்தேன். பாதம் கல்லிடுக்கில் நின்றுவிட, உடம்பு மட்டும் திரும்பியது. அப்போது பெரிய வலி இல்லை. மறுநாள்தான் வீங்கியது. படைப்பிரிவின் சிறு மருத்துவ அறையான எம்.ஐ. ரூமில் மாத்திரையும் லைட் டியூட்டியும் கொடுத்தார்கள்.

வீக்கம் வடிந்ததும் சரியாகிவிட்டது என்றே நினைத்தோம். ஒருநாள் குந்தி உட்கார்ந்து எழுந்தேன். கால் பாதி மடங்கியபடியே பூட்டிக்கொண்டது. ராணுவ மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுத்தபோது, உள்பக்க மெனிஸ்கஸ் என்ற மூட்டு ஜவ்வு கிழிந்து மூட்டுக்குள் மடிந்து கிடந்தது தெரிந்தது.

இந்த ஜவ்வின் வெளி ஓரத்துக்கு மட்டுமே நல்ல ரத்த ஓட்டம் உண்டு. அங்கே கிழிந்தால் தைக்கலாம். உள் ஓரம் எளிதில் ஒட்டாது, பெரும்பாலும் வெட்டித்தான் எடுப்பார்கள். எனக்குத் தைத்தார்கள். வெட்டி எடுக்கப்பட்ட பக்கத்துக் கட்டில்காரர் சில நாட்களில் நடமாடினார். நானோ வாரக்கணக்கில் ஊன்றுகோலும் பிரேஸுமாகக் கிடந்தேன். பொறாமையாகத்தான் இருந்தது. ஜவ்வு குறையக் குறைய மூட்டுத் தேய்மானம் சீக்கிரம் வரும் என்று சர்ஜன் விளக்கிய பிறகே மனம் ஆறியது.

இன்னொரு பக்கம் காகித வேலை. இன்ஜுரி ரிப்போர்ட்டை அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனார்கள். எங்கள் சுபேதார் சாப்தான் விடவில்லை. "தம்பி, பார்த்த ஆட்கள் போஸ்டிங் மாறிப் போவதற்குள் வாக்குமூலம் எழுதி வாங்கிவிடு" என்றார். பணியில் இருந்தபோது ஏற்பட்ட காயம் என்று கமாண்டிங் ஆபீசர் கையெழுத்திட்டால்தான் பிற்காலத்தில் ஊனமுற்றோர் ஓய்வூதியம் கேட்க வலுவான பிடி இருக்கும். உள்ளபடி சொன்னால், எனக்கு அறுவை சிகிச்சையைவிட இதுதான் அலைச்சல்.

உடல்தகுதியை முடிவு செய்யும் மெடிக்கல் போர்டு 24 வாரத்துக்குத் தற்காலிக லோ மெடிக்கல் கேட்டகரி (எல்.எம்.சி.), அதாவது குறைந்த உடல்தகுதி நிலை போட்டது. ஓட்டம் இல்லை, பாரம் இல்லை. 'எல்.எம்.சி.' என்றால் சாக்குச் சொல்கிறவன் என்ற பார்வை படைப்பிரிவில் உண்டு. அதைச் சகிக்கத்தான் வேண்டும். தொடை சூம்பிப் போயிருந்தது. பிசியோதெரபிஸ்ட் டேப்பால் இரண்டு தொடைகளையும் அளந்து, வித்தியாசத்தைச் சீட்டில் குறித்துக் காட்டுவார். காலை நீட்டித் தொடையை இறுக்கிப் பிடிக்கும் பயிற்சி பார்க்க அற்பமாகத் தெரியும், வியர்த்துக் கொட்டும்.

மறுபோர்டில் முழு உடல்தகுதி நிலையான ஷேப்-1 திரும்பக் கிடைத்தது. ரைபிளும் பாரமுமாக ராணுவ உடல்திறன் தேர்வான பி.பி.இ.டி.யின் ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தையும் முடித்துவிட்டேன். பழைய நேரம் வரவில்லை, ஆனால் தேறினேன். இறக்கத்தில் மட்டும் இப்போது யாரையும் முந்துவதில்லை.