ஒரே ஏரி, இரண்டு ராத்திரி

தோள் வலியும் போகவில்லை, கோபமும் போகவில்லை. மாதக்கணக்கில் காசு சேர்த்து, ராத்திரியில் வில்லில் அம்பெய்து மீன் பிடிக்க இரண்டு இரவுகள் ஒதுக்கியிருந்தோம். முதல் இரவு முழுக்க வீண். போன வழி, தங்கிய இடம் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். தண்ணீரையும் படகையும் பற்றித்தான் சொல்லியாக வேண்டும்.

இரண்டு நாள் முன்பு பெருமழை. ஆறு ஏரியில் கலக்கிற பக்கம் தண்ணீர் செம்மண் கரைசலாகக் கிடந்தது. படகுக்காரரிடம் கேட்டேன். "விளக்குப் போட்டால் எல்லாம் தெரியும்" என்றார். முழுப் பணமும் முன்கூட்டியே வாங்கிவிட்டார், வேறு வழியில்லை. வெள்ளை எல்இடி எரிந்ததும், பனிமூட்டத்துக்குள் காரின் ஹெட்லைட் அடித்த மாதிரி ஆகிவிட்டது. வெளிச்சம் மண்துகளில் பட்டு எங்கள் கண்ணுக்கே திரும்பி வந்தது. ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. போதாக்குறைக்கு எதிர்காற்று. நீர் முழுக்கச் சிற்றலை.

படகாவது ஒழுங்காக இருந்ததா? ஜெனரேட்டரும் நாங்கள் மூன்று பேரும் அணியத்திலேயே. முன்பக்கம் அமுங்கி, நிற்கிற மேடை நீரை ஒட்டிப் போய்விட்டது. அவ்வளவு தாழ்வாக நின்று சாய்வாகப் பார்த்தால் மேற்பரப்பின் பளபளப்புதான் தெரியும். அப்படியே ஏதாவது அசைந்தாலும் ஜெனரேட்டர் போட்ட சத்தத்தில் ஓடிவிட்டது. இதற்கு வாங்கிய பணம் அநியாயம்.

மறுநாள் இன்னொரு படகுக்காரரைப் பிடித்தோம். இவர் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. வெயில் இருக்கும்போதே எங்களை அழைத்துப் போய், ஒரு வெள்ளைத் தட்டை முடிச்சுப் போட்ட கயிற்றில் கட்டி நீரில் இறக்கினார். ஆற்று முகத்தில் இரண்டாம் முடிச்சுக்கே தட்டு காணாமல் போனது. மேடு காற்றை மறைக்கிற, நீர்ப்பூண்டு அடர்ந்த மறுகரையில் ஏழாம் முடிச்சு வரை தெரிந்தது. "ராத்திரி இங்கேதான்" என்றார். நான் அந்த இடத்திலேயே குழந்தை மாதிரி குதித்தேன்!

அவருடைய படகு தட்டையான அடிப்பாகம் கொண்ட அலுமினியப் படகு. முழங்கால் ஆழத்திலும் தட்டாமல் போகும். பேட்டரிகள் எல்லாம் பின்பக்கம், அமரத்தில் இருந்ததால், நாங்கள் முன்னால் நின்றபோதும் படகு மட்டமாகவே இருந்தது. மேடை உயரம். விளக்குகள் மேடை விளிம்புக்குக் கீழே, நீரைப் பார்த்து. எங்கள் கண்ணில் துளிகூடப் படவில்லை. மின்மோட்டார் என்பதால் சத்தமும் இல்லை. கலங்கல் நீர் என்றால் மஞ்சள் விளக்குதான், கண்ணுக்கு அடிக்கும் கூச்சம் குறையும், பூச்சியும் குறைவாக வரும் என்றார்.

அப்புறம் அந்தக் கெண்டை! பூண்டுக்கு நடுவே சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தது. வாயருகே புகை மாதிரி மண் எழுந்தது, செதில்கள் ஒவ்வொன்றாகப் பொன்னாய் மின்னின. நேராகக் குறிவைத்து எய்தேன், அம்பு மீனுக்கு மேலே போனது. நேர் மேலிருந்து பார்த்தாலே நான்கடி ஆழத்தில் கிடப்பது மூன்றடியில் இருப்பதாகத் தெரியும். சாய்வாகப் பார்க்கப் பார்க்க இந்தக் கண்மயக்கம் கூடும். மீன் பத்தடி தூரத்தில், ஓரடி ஆழத்தில் என்றால் நான்கு அங்குலம் கீழே குறிவை, ஆழம் இரட்டித்தால் அதையும் இரட்டி என்று அவர் சொல்லிக் கொடுத்தார். மூன்றாவது அம்பு தைத்தது.

ஒவ்வொரு முறை நாணை இழுக்கும் முன்பும் அம்பில் கட்டிய கயிறு எங்கேயும் சிக்கவில்லை என்று அவரே தொட்டுப் பார்த்தார். சிக்கினால் அம்பு நம் மேலேயே திரும்பிப் பாயும். எந்த மீன் என்று தெரியாமல் எய்யவும் விடவில்லை. தைத்த மீனை மறுபடி நீரில் விட முடியாதே. சரியான மனிதர்.

கரைக்கு வந்ததும் வெள்ளைத் தட்டுக் கட்டிய அந்தக் கயிற்றை வாங்கிக் கையால் அளந்தேன். முடிச்சுக்கு முடிச்சு ஒரு சாண்.