நிமிடத்துக்கு 700 மீட்டர்

மலேசியாவின் பினாங்குத் தீவுக்கு வந்து முதல் எட்டு மாதம் எனக்குத் தெரிந்த சாலை ஒன்றே ஒன்றுதான்: குளுகோரில் எங்கள் வாடகை வீட்டிலிருந்து மளிகைக் கடைக்குப் போவது. கணவருக்கு பாயான் லெப்பாஸில் வேலை. என்னுடையது வேலை செய்பவரின் குடும்பத்தாருக்குத் தரும் டிபெண்டன்ட் பாஸ்; அதை மட்டும் வைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாது. கோயம்புத்தூரில் ஒன்பது வருடம் மில் கணக்கு பார்த்தவள் நான். மாசக் கடைசி வந்தால் கை தானாகப் பேனாவைத் தேடும்.

வீட்டுக்காரர் பக்கத்து வீட்டில் இருந்தார். அறுபத்தாறு வயது, மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். காலையில் கேட்டைத் திறந்தால் "பசியாறியாச்சாம்மா?" என்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே இந்த ஊர்த் தமிழ் எனக்குப் பிடித்துப்போனது.

அவர் வீட்டு முன்கூரையின் கீழ் மினி என்ற சின்ன பிரிட்டிஷ் கார் ஒன்று சக்கரம் இல்லாமல் நின்றது. 1970களில் வந்த 998 சிசி வண்டி. பழைய வண்டிகளுக்கான ராலி என்ற சாலைப் போட்டியில் ஓட்டுவதற்காக இரண்டு வருடமாக அதைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார். கடல் காற்றில், பின்சக்கரங்களைத் தாங்கும் சட்டமான சப்ஃபிரேம் துருவேறி உதிர்ந்திருந்தது. அதை மாற்றி, தகட்டு மூட்டுகளில் எல்லாம் கோடாக வெல்டிங் ஓட்டி, வண்டி புரண்டாலும் ஆளைக் காக்கும் இரும்புக்குழாய்க் கூண்டான ரோல் கேஜை உள்ளே பொருத்தி, அடியில் கனத்த தகடு போட்டார். மினியில் கியர்பாக்ஸ் என்ஜினுக்கு அடியில், அதே எண்ணெயில் கிடக்கிறது. ஒரு கல் பலமாக அடித்தால் இரண்டும் சேர்ந்து போய்விடும்.

சூயஸ் நெருக்கடியில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்ததையொட்டி அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1959இல் வெளிவந்த வண்டி இது. பத்தடி நீளம், பத்து அங்குலச் சக்கரம். குடும்பங்களுக்காகச் செய்த இந்தச் சின்ன வண்டி 1964, 1965, 1967 என மூன்று முறை மான்டி கார்லோ ராலியை ஜெயித்தது. 1966இல் முதல் மூன்று இடத்தையும் பிடித்தும், முன்விளக்கு விதிப்படி இல்லையென்று தகுதி நீக்கினார்கள். அங்கிள் அதைச் சொல்லும்போது இன்றைக்கும் குரல் உயரும். எனக்கும் இப்போது அந்தக் கோபம் ஒட்டிக்கொண்டது.

ஆனால் என்னை அந்த வண்டிப் பக்கம் இழுத்தது ரப்பர்தான். மினிக்கு இரும்புச் சுருள் வில் கிடையாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு ரப்பர் கூம்பு. பாரம் ஏற ஏற அது இறுகிக் கொடுக்கும். இந்த ஏற்பாட்டைச் செய்த அலெக்ஸ் மோல்டனின் குடும்பம் இங்கிலாந்தில் தலைமுறைகளாக ரப்பர் தொழில் செய்தது. கழற்றிய பழைய கூம்பை அங்கிள் என் கையில் தந்தார். ஓரமெல்லாம் வெடித்து, நகம் இறங்காதபடி கல்லாகியிருந்தது.

"எங்கப்பா கெடாவுல பால்மரம் சீவுனவரும்மா. இருட்டோட எழுந்து போவாரு. மழை பெய்ஞ்சா மரம் சீவ முடியாது, அன்னிக்குக் கூலி இல்ல" என்றார். பால்மரம் என்று இங்கே சொல்வது ரப்பர் மரத்தை. புதுக் கூம்பைத் துணியால் துடைத்து, இரண்டு கையாலும் ஏந்தி மாட்டினார்.

ராலியில் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்ன நண்பர், தன் மகனோடு ஜொகூருக்குப் போய்விட்டார் என்று அங்கிள் ஒருநாள் சொன்னார். "உனக்குக் கணக்கு வரும்ல? வர்றியா?"

இந்த வகை ராலியில் வேகமாக ஓட்டி ஜெயிக்க முடியாது. கொடுத்த சராசரி வேகத்தை வளைவானாலும் ஏற்றமானாலும் காக்க வேண்டும். மணிக்கு 42 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 700 மீட்டர், 9.8 கிலோமீட்டருக்குச் சரியாக 14 நிமிடம். நேரம் குறிப்பவர்கள் எங்கே நிற்பார்கள் என்று சொல்லமாட்டார்கள். முந்தினாலும் பிந்தினாலும் நொடிக்கு நொடி புள்ளி போகும். அன்று இரவே நூறு மீட்டருக்கு ஒரு வரியாக அட்டவணை போட்டேன். எட்டு மாதத்துக்குப் பிறகு கட்டம் கட்டமாக எண் எழுதினேன். கண் கலங்கிவிட்டது.

பயிற்சிக்காக தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவ் போகும் மலைப்பாதையில் ஏறினோம். டுரியான் தோப்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிற பாதை. தித்தி கெராவாங் அருவிக்குக் கொஞ்சம் முன்னால் மழை பிடித்தது. என்ஜின் திக்கித் திணறி, ஒரு டுரியான் கடை வாசலில் நின்றேவிட்டது.

மினியில் என்ஜின் குறுக்கே கிடப்பதால், பிளக்குகளுக்கு மின்சாரம் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் முன் கிரில்லுக்கு நேர் பின்னால் இருக்கிறது. தெறிக்கிற தண்ணீரெல்லாம் அதன் தலையில்தான். முந்தின நாள் வயர் மாற்றியபோது மேலே போடும் உறையைத் திரும்ப மாட்டவில்லை. கடைக்கார மக்சிக், அதாவது மலாய் அம்மா, காய்ந்த துணி கொடுத்தார். அங்கிள் மூடியைத் திறந்து ஈரம் துடைத்தார். பிறகு டேஷ்போர்டுக்குக் கீழிருந்து ஒரு ரப்பர் கையுறையை எடுத்து நீட்டினார்.

"விரல் நுனியெல்லாம் வெட்டும்மா."

நாலு விரலில் நாலு பிளக் வயர், கட்டைவிரலில், தீப்பொறிக்கான மின்சாரம் தரும் காயிலிலிருந்து வரும் வயர். எண்ணி வைத்தாற்போல ஐந்து. பிளக்குகள் தீப்பொறி விடும் 1-3-4-2 வரிசை மாறாமல் ஒவ்வொன்றாக நுழைத்து, மணிக்கட்டுப் பகுதியை மூடிமேல் இழுத்துவிட்டு நூலால் கட்டினேன். உலகத்திலேயே அதிகமாக ரப்பர் கையுறை செய்கிற நாட்டில், மழையில், பாலிக் புலாவ் மலையில் அந்த என்ஜின் ஒரே திருகலில் உறுமியது. மக்சிக் கைதட்டினார்.

போன மாதம் பக்கத்து மாநிலமான கெடாவில் நடந்த ராலியிலும் மழை. ஈரச் சாலையில் முன்சக்கரம் வழுக்கினால் தூரமானி கூடுதலாகக் காட்டும். அதனால் மைல்கல்லுக்கு மைல்கல் திருத்திக்கொண்டே போனேன். "அங்கிள், நாலு நொடி பிந்திட்டோம்... இப்ப ரெண்டு... சரியா இருக்கு, இப்படியே பிடிங்க." அந்தப் பகுதியை மூன்று நொடி பிந்தி முடித்தோம். மொத்தத்தில் பதினொன்றாவது இடம்.

அம்மா போனில் "அங்க வழியெல்லாம் பழகிடுச்சா கண்ணு?" என்று கேட்டாள். குளுகோரிலிருந்து பாலிக் புலாவ் வரைக்கும் எங்கே கோவில், எங்கே பாலம், எந்த வளைவில் தண்ணீர் தேங்கும் என்று வரிசையாகச் சொன்னேன். அங்கிள் இப்போது கெடாவின் பாலிங் பக்கத்துச் சாலை வரைபடத்தைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். பாதி வரைக்கும் பென்சிலில் குறித்துவிட்டேன்.