எடை, ரத்தம், குங்குமப்பூ: பாலக்காடு கொழிஞ்சாம்பாறைல இருந்து ஒரு நாட்குறிப்பு

ஜூன் 12, 2024, புதன்

பன்னெண்டு வாரம் ஆச்சு. எடை 60. மாசமாகறதுக்கு முன்னாடி 61 இருந்தேன், வாந்தில ஒரு கிலோ போயிருச்சு. உயரம் 158. டாக்டரம்மா கால்குலேட்டர தட்டிப் பாத்துட்டு பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை சரியான்னு பாக்கற கணக்கு, 24.4ன்னாங்க. உலகக் கணக்குப்படி 24.9 வரைக்கும் நார்மலாம், பத்து மாசத்துல 11.5ல இருந்து 16 கிலோ வரைக்கும் ஏறலாமாம், ஆனா நம்மூர்க்காரங்களுக்கு 23 தாண்டுனாலே ஓவர்வெயிட்டுன்னு தான் எடுத்துக்கணும், பாக்க ஒல்லியா இருந்தாலும் நமக்கு வயித்துல கொழுப்பு சேந்துரும் சுகரும் சீக்கிரம் வரும், அதனால 11, 12 கிலோ ஏறுனாப் போதும் மோளேன்னு மலையாளமும் தமிழுமா சொன்னாங்க.

வெளிய வந்ததும் அம்மா, "அவிய சொல்றாங்கன்னு பட்டினி கெடக்காத, ரெண்டு உசுருக்குத் திங்கணும்"ன்னாங்க. ராத்திரி நைஜீரியா லாகோஸ்ல இருந்து அத்தை, என் வீட்டுக்காரரோட அம்மா, வீடியோ கால்ல வந்து, கன்னத்துல சதையே இல்லையே, உனக்கு அங்க யாருமே சோறு போடறதில்லையான்னு கேட்டாங்க. அம்மாவுக்கு இங்கிலீஷ் புரியாதது அந்த நேரத்துக்கு நல்லதாப் போச்சு.

பொள்ளாச்சி பெரியம்மா குங்குமப்பூ டப்பா குடுத்து உட்டிருக்காங்க. எதுக்குன்னு சொல்லணுமா. என் வீட்டுக்காரரு நைஜீரியாக்காரரு, கொழந்தை எந்த நெறத்துல பொறக்கும்ங்கறது தான் சொந்தக்காரங்க எல்லாருக்கும் இப்ப ஒரே கவலை. நெறம் ரெண்டு பேரு ஜீன்லயும் இருந்து வர்றது, குங்குமப்பூ பாலுக்கு மட்டும் தான் கலர் குடுக்கும். டப்பாவை பிரியாணிக்குன்னு எடுத்து வெச்சுட்டேன்.

ஜூன் 27, வியாழன்

ரத்த ரிப்போர்ட் வந்துருச்சு. ஹீமோகுளோபின் 9.4. அம்மா உடனே முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம்னு ஆரம்பிச்சுட்டாங்க. டாக்டரம்மா ஹீமோகுளோபினோட நிக்கல, கீழ இருந்த எம்சிவி 63ங்கறத பேனால வட்டம் போட்டாங்க. அது ரத்தச் சிவப்பணுவோட சைஸு, 80க்கு மேல இருக்கணுமாம். அணுவோட எண்ணிக்கை மட்டும் 4.9, கொறையவே இல்ல. இரும்புச்சத்து கொறைஞ்சா பொதுவா எண்ணிக்கையும் சேந்து கொறையும், 63ஐ 4.9ஆல வகுத்தா 13க்குக் கீழ வருது, அப்படி வந்தா தலசீமியா கேரியரான்னு பாத்தே ஆகணுமாம். தலசீமியாங்கறது பரம்பரையா வர்ற ரத்த நோய், கேரியர்னா அந்த ஜீன் ஒரு காப்பி மட்டும் இருக்கறவங்க.

அப்புறம் தான் வீட்டுக்காரர் எந்த ஊருன்னு கேட்டாங்க. நைஜீரியான்னேன். "சிக்கிள் செல் நோக்கியோ?", பாத்தாச்சான்னு கேட்டு முடிக்கல, சிவப்பணு அருவா மாதிரி வளையற பரம்பரை நோய் அது, இவரு போன்ல இருந்து ஒரு கார்டு போட்டோவ எடுத்து நீட்டிட்டாரு, ஜீனோடைப் ஏஏ. ஏஏன்னா சிக்கிள் ஜீன் இல்ல, ஏஎஸ்னா ஒரு காப்பி இருக்குது, எஸ்எஸ்னா நோய். அவங்க ஊர்ல பேரு கேக்கற மாதிரி ஜீனோடைப் கேப்பாங்களாம். உலகத்துலயே சிக்கிள் செல் நோய் அதிகமா இருக்கற நாடு அது, ஏஎஸ்ஸும் ஏஎஸ்ஸும் கட்டிக்கிட்டா நாலுல ஒரு பங்கு வாய்ப்பு கொழந்தை எஸ்எஸ்ஸாப் பொறக்கறதுக்கு, அதனால நெறைய சர்ச்ல இந்தக் கார்டு இல்லாம கல்யாணமே பண்ணி வெக்க மாட்டாங்களாம். இவரு காலேஜ் படிக்கும்போதே எடுத்து வெச்சிருக்காரு. நாங்க கல்யாணம் பேசுனப்ப என்னோடது என்னன்னு கேட்டாரு, நான் ஓ பாசிட்டிவ்ன்னேன், சிரிச்சுட்டு உட்டுட்டாரு.

லேப்ல ரத்தம் எடுத்த பொண்ணு முன்னாடி அட்டப்பாடில வேலை பாத்துச்சாம். சிக்கிள் செல்லுன்னதும் ஆச்சரியமே படல. இது ஆப்பிரிக்கா வியாதின்னு சொல்றவங்கள அட்டப்பாடிக்கும் வயநாட்டுக்கும் கூட்டிட்டுப் போகணும் அக்கா, ஆதிவாசி ஊருங்கள்ல எத்தனை பேருக்கு இருக்குதுன்னு தெரியும்னுச்சு. வீட்டுக்கு வந்து தேடிப் பாத்தா, இந்தியால இத மொதல்ல கண்டுபிடிச்சதே நம்ம பக்கத்து நீலகிரில தான், 1952ல. மலேரியா அதிகமா இருந்த பல எடத்துல இந்த ஜீன் தங்கியிருக்குது, ஒரு காப்பி மட்டும் இருந்தா மலேரியா சாகடிக்காம காப்பாத்துமாம்.

ஜூலை 9, செவ்வாய்

எச்பிஎல்சி ரிசல்ட், ஹீமோகுளோபின்ல எந்த வகை எவ்வளவுன்னு பிரிச்சுக் காட்டற டெஸ்ட். அதுல எச்பிஏ2ங்கற வகை 5.2. 3.5க்கு மேல போனா பீட்டா தலசீமியா கேரியர். அப்ப நான் தான். இரும்புச் சேமிப்பக் காட்டற ஃபெரிட்டின் 58, அதனால ஒடம்புல இரும்பு போதுமான அளவு இருக்குது, சும்மா ஊசி மேல ஊசி போட வேண்டாம், ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம் மட்டும் தெனமும் போடச் சொன்னாங்க. "பேடிக்கண்டா, இது நோயல்ல"ன்னு முதுகுல தட்டிக் குடுத்தாங்க.

நோயில்லைங்கறது புரிஞ்சுது. ஆனா பஸ்ஸுல வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன், யாரும் பேச்சுக் குடுத்துரக் கூடாதுன்னு. கல்யாணத்துக்கு முன்னாடி "எந்த நாட்டு ரத்தமோ, என்ன வியாதி இருக்குமோ"ன்னு மாமா நடு வாசல்ல நின்னு பேசுனது தான் திரும்பத் திரும்ப காதுல கேட்டுச்சு. இவரு அத்தனை பேருக்கும் நடுவுல நின்னு சிரிச்ச முகமாத் தான் இருந்தாரு, தமிழ் அப்பவே பாதி புரியும் அவருக்கு.

ஜூலை 20, சனி

இவரும் எச்பிஎல்சி எடுத்துட்டாரு. ஏஏங்கற கார்டு சிக்கிள் இல்லைன்னு மட்டும் தான் சொல்லும், தலசீமியாவுக்கு ஏ2 எவ்வளவுன்னு தனியாப் பாக்கணும்னு சொல்லிட்டாங்க. 2.6, நார்மல். அப்போ கொழந்தைக்கு நோய் வர வழியில்ல, என்ன மாதிரி கேரியரா இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒருவேளை இவரு ஏஎஸ்ஸா இருந்திருந்தா, சிக்கிளும் தலசீமியாவும் ஆளுக்கொண்ணா சேந்து கொழந்தைக்கு நோயா வர்றதுக்கு நாலுல ஒண்ணு இருந்திருக்கும். டாக்டரம்மா இத சொன்னப்ப இவரு அந்தக் கார்டு போட்டோவ இன்னொரு தடவை எடுத்துப் பாத்துக்கிட்டாரு.

அம்மாவையும் டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். ஏ2 5.0. அம்மா கேரியர். எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்ல இருந்து அம்மா இரும்பு மாத்தர தான், "ரத்தம் பத்தல"ன்னு, அதுல மலச்சிக்கலும் வயித்தெரிச்சலும் தான் மிச்சம், ஒரு டாக்டர் கூட எதனாலன்னு தோண்டிப் பாக்கல. ரிப்போர்ட்ட கையில வெச்சுக்கிட்டு, "அப்ப நான் சோம்பேறி இல்லியா"ன்னு கேட்டாங்க. அப்பாரு அப்படித் தான் திட்டுவாராம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

எடை 64.5. ஸ்கேன்ல எல்லாம் நல்லாருக்குது. இவரு திருப்பூர்ல இருந்து வார்றப்ப வாரா வாரம் எதாவது தூக்கிட்டு வருவாரு, இந்தத் தடவை ஒரு ஃபிரெண்டு ஊர்ல இருந்து கொண்டாந்த எகுசி விதை, தர்பூசணி மாதிரி ஒரு காயோட விதை, அதுல பசலைக்கீரையும் கருவாடும் போட்டு ஒரு கொழம்பு. அம்மா ஒதுங்கி நின்னு பாத்துட்டு கடைசில களிக்கு ஊத்தி ரெண்டு உருண்டை சாப்பிட்டாங்க.

சாயந்திரம் அம்மா பழைய டிரங்குப் பொட்டியத் தொறந்து, அமுச்சியோட, அதாவது அவங்கம்மாவோட, நூல் சேலையெல்லாம் கொழந்தைக்குத் துணிக்குன்னு வெளிய எடுத்தாங்க. வீடு பூரா பாச்சை உருண்டை வாசம். இவரோட தம்பிக்கு பொறந்த புதுசுல மஞ்சக்காமாலை ரொம்ப ஏறி, ஜி6பிடி கொறைபாடுன்னு கண்டுபிடிச்சிருக்காங்க, சிவப்பணுவக் காப்பாத்தற ஒரு என்சைம் கொறைவு, அந்தக் கொறை இருக்கற கொழந்தைக்கு பாச்சை உருண்டை போட்ட துணியச் சுத்துனா சிவப்பணு ஒடைஞ்சு காமாலை வந்துருமாம். இவருக்கு டெஸ்ட் எடுத்தாச்சு, இல்ல. அது எக்ஸ் குரோமோசோம்ல வர்றது, பையனா இருந்தா அப்பன்கிட்ட இருந்து வரவே வராது, பொண்ணா இருந்தாலும் இவருக்கே இல்லாததால இவரு வழில வராது. பையனா பொண்ணான்னு இங்க கேக்கவும் கூடாது, சட்டம். ஆனா நம்ம பக்கமும் இந்தக் கொறை இல்லாம இல்லையாம், என்னை யாரும் டெஸ்ட் பண்ணல, அதனால எல்லாத் துணியையும் வெந்நீர்ல அலசி வெயில்ல போட்டுட்டு உருண்டையெல்லாம் பொறுக்கி குப்பைல போட்டாச்சு. அம்மா வேப்பிலை காய வெச்சுப் போட்டுக்கலாம்னுட்டாங்க.

செப்டம்பர் 11, புதன்

67. ஒரே மாசத்துல ரெண்டரை கிலோ. 75 கிராம் குளுக்கோஸ் கலக்கிக் குடுத்தாங்க, எலுமிச்சம்பழம் புழிஞ்சும் கொமட்டிட்டு வந்துச்சு. ரெண்டு மணி நேரம் கழிச்சு 152. 140 தாண்டுனா கர்ப்பகால சுகர். அம்மாவுக்கு சுகர், அப்பாருக்கு சுகர், ரெண்டு சித்தப்பனுக்கும் சுகர், வராம இருந்தாத் தான் அதிசயம். இவரு வீட்டுப் பக்கம் யாருக்கும் இல்ல. "கொழந்தை பெருசா இருக்கும், அப்பன் ஆறடி பாரு"ன்னு ஊர்ல சொல்றாங்க, உண்மைல பெருசாச்சுன்னா அது என் சுகராலயும் இருக்கலாம்.

ரெண்டு வாரம் சாப்பாட்டுல கட்டுப்படுத்திப் பாக்கணும், சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துல 120க்குக் கீழ நிக்கணும், நிக்கலைன்னா மாத்தரையோ இன்சுலினோ. மட்ட அரிசின்னாலும் சோறு சோறு தானாம், ஒரு கரண்டி, மிச்சத்துக்கு பொரியல், பச்சப்பயிறு, முட்டை, மீன். மூணு மாச ஆவரேஜ் சுகர் டெஸ்ட்ட மட்டும் நம்ப வேண்டாம்னாங்க, தலசீமியா கேரியருக்கு அது தப்பாக் காட்டலாம், அதனால விரல்ல குத்திப் பாக்கறது தான்.

செப்டம்பர் 15, ஞாயிறு

திருவோணம். பக்கத்து வீட்டுச் சேச்சி அடைப் பிரதமன் கொண்டாந்தாங்க. ஒரு ஸ்பூன். மிச்சத்த இவரு குடிச்சாரு. தென்னந்தோப்புக்குள்ள நடந்துட்டு வந்து குத்திப் பாத்தேன், 118.

அக்டோபர் 6, ஞாயிறு

தம்பிக்கும் மாமா பொண்ணுக்கும் தை மாசம் கல்யாணம்னு நிச்சயம் பண்ண இன்னிக்கு எல்லாரும் வந்தாங்க. அம்மா கேரியர்ன்னு தெரிஞ்ச அன்னிலருந்து இது என் மனசுல ஓடிட்டே இருக்குது. தம்பிக்கு இருக்க ரெண்டுல ஒண்ணு. மாமா அம்மாவோட கூடப் பொறந்தவரு, அவருக்கு ரெண்டுல ஒண்ணு, அப்ப அந்தப் பொண்ணுக்கு நாலுல ஒண்ணு. ரெண்டு பேருக்கும் இருந்தா ஒவ்வொரு கொழந்தைக்கும் நாலுல ஒரு வாய்ப்பு தலசீமியா மேஜர், ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவை ஆயுசு பூரா ரத்தம் ஏத்தணும், ஏத்துன ரத்தத்துல சேர்ற இரும்ப எடுக்க வேற மருந்து.

தம்பிய போன வாரமே இழுத்துட்டுப் போய் டெஸ்ட் எடுத்தாச்சு. கேரியர்.

சொன்னேன். மாமா காப்பி டம்ளர கீழ வெச்சுட்டு, "நம்ம ரத்தம் நமக்குத் தெரியாதா, காலங்காலமா சொந்தத்துல தான் குடுத்து எடுக்கறோம். நீ வேத்து ரத்தத்துல கட்டிட்டுப் போனதுக்கு எங்களுக்கு டெஸ்டா"ன்னாரு. மாமாவோட சம்சாரம், பொண்ணுக்குக் கொறைன்னு பேரு கட்டி உட்டுராத கண்ணுன்னு கையப் புடிச்சுக்கிட்டாங்க. அவங்க பயமும் பொய் இல்ல, ரிப்போர்ட் வெளிய தெரிஞ்சா நாளைக்கு வேற எடம் பாக்கறது கஷ்டம், ஆம்பளைக்கு இருந்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, பொண்ணுக்குன்னா ஊரே பேசும். ஆனா ஒரு டியூப் ரத்தம் குடுக்கறதுக்கா இத்தனை. கல்யாணத்த நிறுத்தச் சொல்லல, ரெண்டு பேருக்கும் இருந்தாக் கூட மாசமாகி 11, 12 வாரத்துல கொழந்தைக்கு டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம்னும் சொன்னேன். காதுல வாங்குனாத் தானே.

இவரு கொல்லைல தேங்கா உரிச்சுக்கிட்டு இருந்தவரு உள்ள வந்து மாமாவுக்கு இன்னொரு டம்ளர் காப்பி வெச்சுட்டுப் போனாரு. மாமா குடிச்சாரு.

அக்டோபர் 10, வியாழன்

மாமா பொண்ணு கோயமுத்தூர் ஹாஸ்டல்ல இருந்து மெசேஜ். "அண்ணி அந்த டெஸ்ட் பேரு என்ன, சாப்பிடாமப் போகணுமா". சாப்பிட்டே போலாம்னு அனுப்புனேன்.

அக்டோபர் 21, திங்கள்

முப்பத்தியோரு வாரம். எடை 69, அப்ப மொத்தம் எட்டு கிலோ, டாக்டரம்மா சரியாப் போகுதுன்னுட்டாங்க. ஸ்கேன்ல கொழந்தை 1.6 கிலோ, இந்த வாரத்துக்குச் சரியான எடை. பொறந்தப்புறம் எந்த சார்ட்டுல வெச்சுப் பாக்கறது, இந்தியச் சார்ட்டா ஆப்பிரிக்கச் சார்ட்டான்னு இவரு கேட்டாரு. அங்கன்வாடில தொங்கற அதே சார்ட் தான், அது உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, பிரேசில், நார்வே, ஓமன், அமெரிக்கான்னு ஆறு நாட்டுக் கொழந்தைங்கள வெச்சுப் போட்டது, நல்லா ஊட்டி வளத்தா அஞ்சு வயசு வரைக்கும் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தான் வளருதாம். இவருக்கு கானா மேல எப்பவும் ஒரு போட்டி, நைஜீரியாவ ஏன் சேக்கலன்னு கொறைப்பட்டுக்கிட்டாரு.

மாமா பொண்ணு ரிசல்ட் அனுப்பிருச்சு. ஏ2 2.8. இல்ல. தம்பிகிட்ட மட்டும் சொல்லிட்டேன், அவங்கப்பனுக்கு இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்னு அவளே கேட்டுக்கிட்டா. மாமா நேத்து அம்மாகிட்ட போன்ல, பாத்தியா நாந்தான் சொன்னேனே நம்ம வீட்ல ஒண்ணும் இருக்காதுன்னு, எல்லாம் அவ கெளப்பி உட்டதுன்னாராம், அவரா எதையோ நெனச்சுக்கிட்டு.

லாகோஸ் அத்தைக்கு விசா அப்ளை பண்ணியாச்சு. அவங்க வழக்கத்துல மக, மருமக பிரசவத்துக்கு அம்மாக்காரி வந்து மாசக்கணக்குல கூட இருந்து பாத்துக்குவாங்க. பிரசவம் பாக்கறது என்ற வேலைன்னு இங்க அம்மா இப்பவே முறைக்கறாங்க. யாரு கொழந்தைய குளிப்பாட்டறதுன்னு டிசம்பர்ல தெரியும். நாளைக்குக் காலைல ஃபாஸ்டிங் சுகர்.