மூன்றாவது கடை

"பேட்டரியா? நாங்கள் எடுப்பதில்லை சார்."

கூரியர் கடைப் பெண் பொட்டலத்தைத் தொடக்கூட இல்லை. இன்று இது மூன்றாவது கடை.

கோவையிலிருந்து நாகர்கோவிலுக்கு, அப்பாவின் மின்சார சைக்கிளுக்குப் போக வேண்டியது. முனைகளில் டேப் ஒட்டி, அம்மாவின் பழைய சேலையில் சுற்றியிருந்தேன்.

லித்தியம் அயன் பேட்டரி. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி. அதாவது அதில் அடங்கும் ஆற்றல் 360 வாட்-மணி. விமானப் பயணி தனி அனுமதியின்றிக் கையோடு கொண்டுபோகக்கூடியது 100 வரைதான். சாதனத்தோடு சேராமல் தனியாக வரும் லித்தியம் அயன் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 முதல் தடை. ஒரு செல் கொதித்தால் பக்கத்துச் செல்லும் பற்றிக்கொள்ளும். பயம் நியாயமானதுதான்.

தரைவழியிலாவது ஒரு வழி வேண்டாமா? நிறுவனங்களுக்குச் சோதனைச் சான்றிதழ், அதற்கென்றே பெட்டி எல்லாம் இருக்கின்றன. தனி ஆள் எங்கே போவது?

மாலையில் அப்பா அழைத்தார். "அனுப்பிவிட்டாயா மக்களே?"

சைக்கிளைத் தினமும் துடைத்துத் திண்ணையோரம் நிறுத்திவைக்கிறாராம்.